காதிபும் கந்தோரும்

எழுத்தாளன் என்ற சொல்லை நாம் கவிஞருக்கும் சிறுகதையாளருக்கும் ஒதுக்கி வைத்துவிட்டோம். கந்தோரில் இருந்து கடிதம் எழுதுபவனை யாரும் எழுத்தாளன் என்று சொல்வதில்லை. அவன் வெறும் இலிகிதர். அறபு இலக்கிய வரலாற்றில் நிலைமை நேர்மாறானது. அங்கே 'காதிப்' என்ற சொல் பல நூற்றாண்டுகளாக முதலிற் குறித்தது அரச திவான்களில் கடிதமும் கணக்கும் எழுதியவனைத்தான். அறபு உரைநடை ஒரு கலையாக வளர்ந்ததும் பெருமளவுக்கு அந்த இலிகிதர்களின் கையில்தான். ஜும்ஆவுக்கு மிம்பரில் ஏறுகின்ற 'கதீப்' வேறு, இந்தக் 'காதிப்' வேறு. முன்னவர் பேசுபவர், பின்னவர் எழுதுபவர். நமது உச்சரிப்பில் இரண்டும் நெருங்கிவிட்டாலும் அறபில் அவை வெவ்வேறு வேர்ச்சொற்கள்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இலிகிதராக இருந்தவன். இந்த வரலாற்றை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அறபு இலக்கியத்தின் மீதிருந்த காதலால் அல்ல. நானே எழுதிய ஒரு கடிதந்தான் அதற்குக் காரணம். அதை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

1984ஆம் ஆண்டு. மௌத்தாகிப்போன ஒரு தொழிலாளியின் மனைவி, விதவைகள் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பத்துடன் விவாகப் பதிவுச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை. அதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதும்படி கோவை என்னிடம் வந்தது. நான் எழுதினேன்: மேற்படி விடயம் தொடர்பில் தங்களால் சமர்ப்பிக்கப்பட்ட விண்ணப்பம் பூரணமற்றதாகக் காணப்படுவதனால், உரிய ஆவணங்களுடன் மீளச் சமர்ப்பிக்குமாறு அறியத்தரப்படுகின்றது. பெரியவர் வாசித்துப் பார்த்துக் கையொப்பமிட்டார். நல்ல தமிழ் என்று ஒரு வார்த்தையும் சொன்னார். அன்று எனக்கு அது பெருமையாக இருந்தது.

பதினொரு மாதம் கழித்து அந்த அம்மா கந்தோருக்கு வந்தார். முந்தானையில் முடிந்துவைத்திருந்த கடிதத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். "மகன், கடிதம் வந்திச்சி, காசு வரல்லயே" என்றார். ஊரிலே படித்தவர்கள் இரண்டு பேரிடம் அதைக் காட்டியிருக்கிறார். ஒருவர் 'விண்ணப்பம் கிடைத்துவிட்டதாம், பொறுத்திருங்கள்' என்றிருக்கிறார். மற்றவர் 'ஏதோ குறை சொல்கிறார்கள், என்னவென்று விளங்கவில்லை' என்றிருக்கிறார். என்ன ஆவணம் வேண்டும் என்று நான் அதில் எழுதியிருக்கவில்லை. எப்போதைக்குள் வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கவில்லை. "உம்மா, உங்கட கலியாணப் பதிவுத் துண்டு வீட்ட இருக்கா?" என்று கேட்டேன். "அது பெட்டிக்குள்ள கிடக்குது மகன், அதையா கேட்டீங்க?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பதினொரு மாதமும் அவர் பெட்டிக்குள்ளேயே கிடந்த துண்டு அது. நல்ல தமிழ் என்று பாராட்டப்பட்ட என்னுடைய வாக்கியந்தான் அதை வெளியே வரவிடாமல் தடுத்தது.

அதன் பிறகுதான் எழுதுவது பற்றிய நமது மார்க்கத்தின் போதனையைப் புதிதாக வாசித்தேன். திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. ஸூறத்துல் பகறாவின் 282ஆம் வசனமே அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றிப் பேசுகிறது. எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கக் கூடாது. தொகை சிறிதானாலும் பெரிதானாலும் தவணையைக் குறிப்பிட்டு எழுதச் சலிப்படையக் கூடாது. எழுதியவருக்கோ சாட்சிக்கோ தீங்கு செய்யக் கூடாது. இவையெல்லாம் அந்த ஒரே வசனத்தின் கட்டளைகள்.

அதில் இன்னொரு கட்டளையும் உண்டு. வாசகத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர் அல்லர், கடன்பட்டவர். அவர் இயலாதவராக இருந்தால் அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்லிக் கொடுக்க வேண்டும். பாரம் யார் தலையில் விழப்போகிறதோ அவருக்கு அந்த எழுத்தில் என்ன இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதே இதன் கருத்தாக எனக்குப் படுகிறது. என் கடிதத்தின் பாரம் அந்த விதவையின் தலையில் விழுந்தது. அதில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியாமற் போனது.

ஒரு சொல்லை எங்கே விட்டுக்கொடுக்கலாம் என்பதற்கும் நபிகளாரின் (ஸல்) வாழ்வில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஹிஜ்ரி 6இல் (628) ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதப்பட்டபோது காதிபாக இருந்தவர் அலி (றழி). குறைஷியரின் சார்பில் வந்த ஸுஹைல் இப்னு அம்ர், தொடக்கத்தில் இருந்த 'றஹ்மான்' என்ற சொல்லை ஏற்க மறுத்தார். 'அல்லாஹ்வின் தூதர்' என்ற அடையாளத்தையும் ஏற்க மறுத்தார். நபியவர்கள் இரண்டையும் மாற்றி, தம் தந்தையின் பெயரோடு தமது பெயரை எழுதச் செய்தார்கள். தோழர்களுக்கு அது பெரும் வேதனையாக இருந்தது. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளக்கூடிய வாசகம் இருந்தாற்றான் உடன்படிக்கை நிற்கும் என்பதை அங்கே காண்கிறோம். எழுதுபவனுக்குப் பிடித்தமான சொல்லை அல்ல, காரியத்தை நடத்தி வைக்கும் சொல்லையே அன்று தெரிந்தார்கள்.

கடிதத்துக்குத் திகதி இடுவது இன்று பாலர் வகுப்புப் பாடம். ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு பிறந்த கதையோ ஒரு கந்தோர் முறைப்பாட்டிலிருந்து தொடங்குகிறது. பஸறாவின் ஆளுநராக இருந்த அபூ மூஸா அல் அஷ்அரி (றழி), கலீபா உமருக்கு (றழி), உங்களிடமிருந்து வரும் கடிதங்களில் திகதி இல்லை என்று எழுதியதாக ஓர் அறிவிப்பு. ஷஃபான் மாதத்தில் தீர்க்க வேண்டிய ஒரு கொடுப்பனவுச் சீட்டு வந்தபோது, எந்த ஷஃபான், போனதா, வரப்போவதா என்று உமர் (றழி) கேட்டதாக இன்னோர் அறிவிப்பு. ஹிஜ்ரி 17 (638) அளவில் ஆலோசனை நடத்தி, ஹிஜ்றத் நடந்த ஆண்டை முதலாண்டாகக் கொள்வதென்று முடிவு செய்தார்கள். முஹர்றம் பிறக்கும்போது நாம் புத்தாண்டுச் சொற்பொழிவு கேட்கிறோம். ஒரு கடிதத்தை எந்த ஆண்டில் வாசிக்கிறோம் என்ற சிக்கல்தான் அதற்கு மூலம் என்பதை யாரும் சொல்வதில்லை.

அந்த ஏற்பாடு எவ்வளவு விரைவாக நடைமுறைக்கு வந்தது என்பதற்கு ஒரு துண்டுப் பப்பைரஸ் சாட்சி. வியன்னாவில் உள்ள ஒஸ்திரிய தேசிய நூலகத்தில் அது இருக்கிறது. எகிப்தின் இஹ்னாஸ் என்ற ஊரில் முஸ்லிம் படையினர் பெற்றுக்கொண்ட ஆடுகளுக்கான பற்றுச்சீட்டு அது. கிரேக்கத்திலும் அறபிலும் எழுதப்பட்டது. திகதி ஹிஜ்ரி 22, ஜுமாதல் ஊலா; அதாவது 643 ஏப்ரல். ஐம்பது ஆடுகள், மேலும் பதினைந்து ஆடுகள். யார் பெற்றார், எங்கே பெற்றார், எத்தனை, எப்போது என்ற அனைத்தும் அதில் இருக்கின்றன. ஆட்டைக் கொடுத்தவன் வாசிக்கக் கூடிய மொழியிலும் அது இருக்கிறது. எகிப்துக்குள் முஸ்லிம் படை நுழைந்து நான்கு ஆண்டுகள் கூட ஆகாத காலம் அது. வென்றவன் தோற்றவனுக்கு அவனுடைய மொழியிலேயே பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான். என்னுடைய கடிதத்தை இந்தத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடிதத்தில் மோசடி நுழைந்ததும் விரைவாகத்தான். முஆவியா (றழி) ஒருவருக்கு ஒரு இலட்சம் திர்ஹம் கொடுக்கும்படி ஈராக்கின் ஆளுநருக்கு எழுதிய கடிதத்தை, கொண்டுபோனவரே பிரித்து இரண்டு இலட்சம் என்று மாற்றிவிட்டார். அறபில் நூறை இருநூறாக்க ஓரிரு எழுத்துகள் போதும். கணக்குப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. அதன் பின்னரே 'திவானுல் காதம்' என்ற முத்திரைப் பிரிவை முஆவியா ஏற்படுத்தினார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். கடிதங்களைக் கட்டி முத்திரையிட்டு அனுப்பும் வழக்கம் அங்கே உறுதிப்பட்டது. தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள் என்று நமது காசோலைகள் இன்றும் கேட்பதற்குப் பின்னால் இருப்பதும் இதே அச்சந்தான்.

இனி நமக்கு மிக நெருக்கமான விடயத்துக்கு வருகிறேன். கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வானின் (685 – 705) காலம் வரை ஈராக்கின் வரிக் கணக்குகள் பாரசீகத்திலும் சிரியாவின் கணக்குகள் கிரேக்கத்திலும் எழுதப்பட்டன. அவற்றை அறபுக்கு மாற்றியது அவருடைய ஆட்சி. அந்த மாற்றத்தைப் பலாதுரி எழுதி வைத்திருப்பது வெறும் அரசாணையின் கதையாக அல்ல, இலிகிதர்களின் கதையாக.

ஈராக்கில் ஹஜ்ஜாஜின் கீழ் இந்த வேலையைச் செய்தவர் ஸாலிஹ் இப்னு அப்துர் றஹ்மான். இவருடைய பெற்றோர் ஸிஜிஸ்தானிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள். இரண்டு மொழியிலும் எழுதக் கூடியவர். மூத்த பாரசீக இலிகிதரின் மகன் மர்தான்ஷா இவரை மடக்கப் பார்க்கிறான். பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று என்பவற்றுக்குப் பாரசீகத்தில் எங்களிடம் சொற்கள் இருக்கின்றன, அறபில் என்ன செய்வாய் என்று கேட்கிறான். பத்தில் ஒன்று என்றும், பத்தில் ஒன்றின் அரைவாசி என்றும் எழுதுவேன் என்கிறார் ஸாலிஹ். இயலாது என்று சொல்லிவிடு, ஒரு இலட்சம் திர்ஹம் தருகிறோம் என்று பாரசீக இலிகிதர்கள் கெஞ்சுகிறார்கள். அவர் மறுத்துவிடுகிறார்.

கலைச்சொல் இல்லை, ஆகவே இந்த மொழியில் அலுவல் நடத்த முடியாது என்ற வாதத்தை நாமும் கேட்டிருக்கிறோம். அந்த வாதத்துக்கு ஸாலிஹ் கொடுத்த பதில் புதுச் சொல் படைப்பதல்ல. எல்லாருக்கும் விளங்கும் சொற்களைச் சேர்த்துச் சொல்வதுதான். பத்தில் ஒன்றின் அரைவாசி என்பதை விளங்காதவர் யாருமில்லை.

ஆனால் இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. ஹிஜ்ரி 81இல் (700) சிரியாவின் கணக்குகளை ஸுலைமான் இப்னு ஸஃத் அறபுக்கு மாற்றி முடித்தபோது, அதுவரை அப்பணியின் தலைமையில் இருந்த கிறிஸ்தவரான ஸர்ஜூன் துயரத்தோடு வெளியேறினார். வேறு எங்காவது பிழைப்பைத் தேடுங்கள், இந்தத் தொழிலை இறைவன் உங்களிடமிருந்து எடுத்துவிட்டான் என்று கிரேக்க இலிகிதர்களிடம் அவர் சொன்னதாகப் பலாதுரி எழுதுகிறார். அறபு மொழியின் வெற்றியென இதைக் கொண்டாடுகிற நம்மவர்கள் ஸர்ஜூனின் முகத்தையும் ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்த நாட்டிலே 1956இன் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் வந்தபோது அந்த முகத்தோடு நின்ற தமிழ் பேசும் இலிகிதர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். 1958இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அதற்கான ஒழுங்குவிதிகள் 1966இல்தான் வந்தன. தமிழும் அரசகரும மொழியாகும் என்று அரசியலமைப்பிலே எழுதப்பட்டது 1987இல், பதின்மூன்றாம் திருத்தத்தின் மூலம். சட்டத்துக்கும் மேசைக்கும் இடையே உள்ள தூரத்தை, விளங்காத மொழியில் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மொழி தெரிந்தவரைத் தேடி அலைந்த ஒவ்வொருவரும் அறிவர்.

ஆனால் நான் எழுதிய கடிதம் தமிழில் இருந்தது. தமிழ் பேசும் ஒருவருக்குத் தமிழ் பேசும் ஒருவன் எழுதியது. உரிமைக்காகப் போராடிப் பெறுகின்ற மொழியை, வாசிப்பவருக்கு விளங்காதபடி எழுதுவதனால் நாமே அந்நிய மொழியாக்கிவிடலாம் என்பதற்கு அது சாட்சி.

இந்த இடத்தில் குர்ரா இப்னு ஷரீக்கின் மடல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவர் 709 முதல் 714 வரை எகிப்தின் ஆளுநர். மேல் எகிப்தில் அப்ரோதீதோ என்று கிரேக்கர் அழைத்த, இன்று கோம் இஷ்காவ் எனப்படும் கிராமத்தில் 1901ஆம் ஆண்டு ஒரு பப்பைரஸ் குவியல் கிடைத்தது. அப்பிரதேசத்தின் நிர்வாகியாக இருந்த பஸீலியஸ் என்பவருக்குக் குர்ரா அனுப்பிய அறபு, கிரேக்க மடல்கள் அதில் இருந்தன. பிற்கால வரலாற்று நூல்கள் பல குர்ராவைக் கொடுங்கோலனாகவே சித்திரித்தன. மடல்களில் தெரிவது வேறு முகம். அதற்காக அவர் இளகிய மனத்தர் என்று சொல்ல முடியாது. வரி தாமதமானால் கடுமையாக எழுதுகிறார். ஊரை விட்டு ஓடியவர்களைப் பிடிக்கச் சொல்கிறார். கப்பற் படைக்கு ஆள் கேட்கிறார்.

ஆயினும் முறைப்பாடுகள் பற்றிய மடல்களை வாசிக்கையில் ஒரு நல்ல இலிகிதனின் கையை நான் காண்கிறேன். ஒரு கிராமவாசி, தனக்கு வரவேண்டிய பணத்தை இன்னார் தரவில்லை என்று ஆளுநரிடம் முறையிட்டிருக்கிறார். குர்ரா பஸீலியஸுக்கு எழுதுகிறார். முறையிட்டவரின் பெயர், எதிராளி யார், தொகை எவ்வளவு என்று முதலிற் சொல்கிறார். அவர் சொன்னதற்குத் தக்க ஆதாரம் காட்டினால் அவருக்குரியதைப் பெற்றுக் கொடு, அவருக்கு அநீதி நடக்கக் கூடாது என்கிறார். பின்னர், விடயம் வேறு விதமாக இருந்தால் எனக்கு எழுது என்கிறார். முடிவில் ஸலாம் வருகிறது. பல மடல்களின் கீழே எழுதியவரின் பெயரும் மாதமும் ஆண்டும் இருக்கின்றன.

இந்தச் சிறிய மடலில் எதுவும் மிச்சமில்லை, எதுவும் குறையவும் இல்லை. பெறுபவர் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவு. முறையிட்டவர் சொன்னதே உண்மை என்று ஆளுநர் முடிவுகட்டவும் இல்லை. உண்மை வேறாக இருந்தால் திரும்பி வர ஒரு வழி திறந்திருக்கிறது. தலைநகரில் இருந்து எழுதுகிறவனுக்குக் கிராமத்தில் நடப்பதெல்லாம் தெரியாது என்ற அடக்கம் அந்தக் கடைசி வாக்கியத்தில் உண்டு. கந்தோர் எழுத்தின் நீதி என்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த அனுபவங்களையெல்லாம் ஒரு தொழிலின் ஒழுக்கமாகத் தொகுத்தவர் அப்துல் ஹமீத் இப்னு யஹ்யா. உமையாக்களின் கடைசிக் கலீபா இரண்டாம் மர்வானின் (744 – 750) காதிப் அவர். ஸாலிஹ் இலிகிதர்களுக்குச் செய்த பேருதவியை நன்றியோடு நினைவுகூர்ந்தவரும் இவரே. அறபு உரைநடைக் கலை இவரிலே தொடங்கி, பத்தாம் நூற்றாண்டின் வஸீரான இப்னுல் அமீதிலே முடிந்தது என்று ஒரு வழக்கு உண்டு. சக காதிப்களுக்கு இவர் எழுதிய மடலை இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் சேர்த்து வைத்ததனால் அது பலராலும் வாசிக்கப்பட்டது.

ஆட்சியாளரின் கண்ணும் காதும் நாவும் கையும் நீங்களே என்று அவர் காதிப்களுக்குச் சொல்கிறார். குர்ஆனும் வாரிசுரிமைச் சட்டமும் அறபு மொழியும் நல்ல கையெழுத்தும் கவிதையும் வரலாறும் கணக்கும் கற்கச் சொல்கிறார். அகந்தையையும் பேராசையையும் விடச் சொல்கிறார். மக்கள் அல்லாஹ்வின் குடும்பம் என்றும், அவர்களில் பலவீனரிடம் மென்மை காட்டுங்கள் என்றும் அறிவுறுத்துகிறார். காலம் கெட்டு வேலையிழந்த சக காதிபைக் கைவிடாதீர்கள், முதுமையால் வீட்டில் முடங்கியவரைப் போய்ப் பாருங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறார். தகுதிக்கு மேற்பட்ட உடையும் வாகனமும் உணவும் தேடாதீர்கள் என்கிறார். எழுதும் முறையைப் பற்றியதை விட எழுதுபவனைப் பற்றியதே அந்த மடலில் அதிகம். ஆள் சரியானால் எழுத்துச் சரியாகும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும்.

அப்பாஸியரின் காலத்தில் திவான் எழுத்து உச்சத்தைத் தொட்டது. ஹாறூன் றஷீதின் வஸீர் ஜஃபர் அல் பர்மக்கி, மக்களின் மனுக்களில் ஓரிரு வரிகளில் முடிவெழுதுவதில் பெயர் பெற்றவர். அந்தக் குறிப்புள்ள மனு ஒவ்வொன்றும் ஒரு தீனாருக்கு விற்கப்பட்டதாம் என்கிறார் இப்னு கல்தூன். சுருக்கத்தைக் கற்கவே அவற்றை வாங்கினார்கள். அதே நூற்றாண்டுகளில் சரிவும் தொடங்கியது. அல் ஜாஹிழ் காதிப்களின் குணங்களை நையாண்டி செய்து தனியாகவே ஒரு மடல் எழுதினார். இப்னு குதைபா (மறைவு 889), சொல்லும் பொருளும் எழுத்துக்கூட்டும் அறியாத இலிகிதர் பெருகிவிட்டதைக் கண்டு நொந்து 'அதபுல் காதிப்' என்ற நூலை எழுதினார்.

பின்னர் எதுகையும் மோனையும் திவானுக்குள் நுழைந்தன. ஸாஹிப் இப்னு அப்பாத் என்ற வஸீரைப் பற்றி ஒரு கதை உண்டு. 'கும்' நகரத்தின் பெயரும் 'எழுந்திரு' என்ற கட்டளையும் அறபில் ஒரே ஓசை. அந்த ஓசை நயம் அவருக்குப் பிடித்துப்போனதால் கும் நகரத்துக் காழியை விளித்துப் பதவிநீக்கக் கடிதம் எழுதிவிட்டார். என்ன குற்றத்துக்காக நீக்கப்பட்டீர்கள் என்று கேட்டவர்களிடம், நான் எதுகையால் நீக்கப்பட்டவன் என்றாராம் அந்தக் காழி. நாம் சிரிக்கிறோம். ஆனால் வாக்கியம் அழகாக வந்துவிட்டது என்பதற்காக ஒருவரின் பிழைப்பில் மண் போட்டவர் அவர் மட்டுந்தானா? நல்ல தமிழ் என்று பெரியவர் பாராட்டியபோது மகிழ்ந்த நானும் அந்த வஸீரின் வழிவந்தவனே.

கெய்ரோவின் மம்லூக் திவானில் பணிபுரிந்த அல் கல்கஷந்தி 1412இல் எழுதி முடித்த 'ஸுப்ஹுல் அஃஷா' இந்த மரபின் பெருங்களஞ்சியம். அச்சில் 14 தொகுதிகள். மை காய்ச்சுவதிலிருந்து, நாணற் பேனை சீவுவது, எந்த அளவுத் தாளில் யாருக்கு எழுதுவது, எந்தப் பதவிக்கு எந்தப் பட்டங்களை எந்த ஒழுங்கில் இடுவது என்பது வரை எல்லாம் அதில் உண்டு. அதை வியந்து போற்றலாம். ஆனால் ஆளைப் பற்றி எழுதிய அப்துல் ஹமீதின் சின்ன மடலும் பட்டங்களைப் பற்றிய அந்தத் தொகுதிகளும் நமக்கு இரண்டு பாதைகளைக் காட்டுகின்றன. நமது கந்தோர்கள் நடந்தது பெரும்பாலும் இரண்டாம் பாதையில்தான். கனம், மேதகு, தாழ்மையுடன் வேண்டுவது, கீழ்ப்படிவுள்ள ஊழியன் என்று ஆங்கிலேயர் விட்டுச் சென்ற பட்டங்களைத் தமிழாக்கிப் பத்திரமாக வைத்திருந்தோம்.

நமது கந்தோர்த் தமிழின் சொற்களைப் பார்த்தால் அது எத்தனை கைகளைக் கடந்து வந்தது என்று விளங்கும். கந்தோர் என்பதே ஒல்லாந்தர் சொல். அமுல், ரத்து, பாக்கி, வசூல், இலாகா, நகல் எல்லாம் அறபு மூலத்தவை. பாரசீகம் பேசிய அரசுகளின் திவான்கள் வழியாகத் தமிழுக்கு வந்தவை. 'மகஜர்' என்பதும் அப்படித்தான். வந்திருந்தோர், சமுகமளித்தோர் என்ற கருத்துடைய 'மஹ்ளர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. வந்தவர்களின் பெயரும் கையொப்பமும் இல்லாமல் மகஜர் இல்லை. மக்கள் அரசுக்கு எழுதும்போது பெயரோடுதான் எழுதுகிறார்கள்.

அரசு மக்களுக்கு எழுதும்போதுதான் பெயர் மறைந்துவிடுகிறது. தீர்மானிக்கப்பட்டுள்ளது, நிராகரிக்கப்பட்டுள்ளது, அறியத்தரப்படுகின்றது. யார் தீர்மானித்தார், யார் நிராகரித்தார், யார் அறியத் தருகிறார்? 'படு' என்ற அந்தத் துணைவினைக்குப் பின்னால் ஒரு கந்தோரே ஒளிந்துகொள்ளலாம். குர்ராவின் இலிகிதர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் தம் பெயரைக் கீழே எழுதினார். நாம் எழுதவில்லை. நம் தோள்களில் இருந்து எழுதுகின்ற 'கிறாமன் காதிபீன்' என்ற கண்ணியமான காதிப்களை நினைக்கையில், அவர்களுடைய ஏட்டில் 'செய்யப்பட்டது' என்று ஒரு சொல் இருக்குமா என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. இன்னார் செய்தார் என்றுதானே அதில் இருக்கும்.

அந்த அம்மாவுக்கு அன்று நான் இரண்டாவது கடிதம் ஒன்று எழுதினேன். உங்கள் விவாகப் பதிவுச் சான்றிதழ் மட்டுந்தான் எங்களுக்குத் தேவை. அதை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன்னர் நேரில் கொண்டுவாருங்கள். பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே தந்துவிடுவோம். வர முடியாவிட்டால் உங்கள் மகனிடம் கொடுத்து அனுப்பலாம். இவ்வளவுதான். அவர் முன்னாலேயே அதை வாசித்துக் காட்டினேன். இப்ப விளங்குது மகன் என்றார். பெரியவருக்குக் கடிதம் பிடிக்கவில்லை. கந்தோர் முறைக்கு ஒத்து வரவில்லை என்றார். ஆனாலும் கையொப்பமிட்டார். மறுநாளே சான்றிதழ் வந்தது. சில வாரங்களில் கோவை நகர்ந்தது. பதினொரு மாதத்தின் நிலுவைப் பணம் பின்னர் கிடைத்தது உண்மைதான். அந்தப் பதினொரு மாதமும் அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் எனக்கு இருக்கவில்லை.

இப்போது கந்தோர்களில் கணினி இருக்கிறது. கடிதங்களுக்கு ஆயத்த மாதிரிகள் இருக்கின்றன. பெயரையும் இலக்கத்தையும் மாற்றினாற் போதும். மாதிரியை முதலில் எழுதியவர் எப்படி எழுதினாரோ அப்படியே ஆயிரம் வீடுகளுக்குப் போகும். அந்த ஒருவர் நமது வாசகர்களில் ஒருவராகவும் இருக்கலாம். நம் எழுத்தாளரிற் பலர் ஆசிரியர்களும் இலிகிதர்களுந்தான். கவிதையில் ஒரு சொல்லுக்காக இரவெல்லாம் விழித்திருப்பவர், காலையில் கந்தோருக்குப் போய் அறியத்தரப்படுகின்றது என்று எழுதிவிட்டு வருவது சரியா என்பதே என் கேள்வி.

1984இல் நான் எழுதிய முதற் கடிதத்தில் என் பெயர் இல்லை. கையொப்பம் பெரியவருடையது. அந்தக் கோவை இன்று எந்தக் களஞ்சிய அறையில் கிடக்கிறதோ தெரியாது. என்றைக்காவது யாராவது அதை எடுத்து வாசித்தால், எழுதியவர் யார் என்று அதிலிருந்து அறிய முடியாது. அதனால்தான் இங்கே சொல்லி வைக்கிறேன்: அதை எழுதியவன் நான்.